சினிமாவிலிருந்து டிஜிட்டல் கலை: முதல் கேலரிக் கண்காட்சிக்கு ஒரு வழிகாட்டி

திரைப்படக் காட்சிகளை எடுத்து, கணினியில் உருமாற்றி, அச்சாகவோ வீடியோவாகவோ ஆக்கி ஒரு கேலரியில் வைக்க நினைக்கிறீர்களா? இது உங்களுக்காக. மென்பொருளைச் சொல்லித்தர நிறையப் பேர் இருக்கிறார்கள். அதற்குப் பிறகு வரும் கடிதம், ஒப்பந்தம், அச்சகம், திரை, காப்பீடு எல்லாவற்றையும் வரிசையாகச் சொல்ல ஆள் கிடைப்பதில்லை. அந்த வரிசை தெரியாமல்தான் நான் மாதக்கணக்கில் அலைந்தேன். திறப்பு விழா அழைப்பிதழ் அச்சான பிறகு, "இந்தக் காட்சிகளுக்கு அனுமதி இருக்கிறதா, எழுத்தில் கொடுங்கள்" என்று ஒரு கேலரி கேட்டது. அந்தக் கேள்வி உங்களுக்கு வரும்போது பதில் கையில் தயாராக இருக்க வேண்டும்.

படைப்பைத் தொடங்கும் நாளிலேயே காகித வேலையையும் தொடங்குங்கள். கீழே உள்ள படிகள் எல்லாம் அதை நம்பித்தான் நிற்கின்றன.

படி 1. ஒவ்வொரு துணுக்குக்கும் ஒரு மூலப் பதிவு

ஒரு ஸ்ப்ரெட்ஷீட் போதும். பயன்படுத்தும் ஒவ்வொரு துணுக்குக்கும் தனித்தனியாக ஒரு வரி போடுங்கள். படத்தின் பெயர், வெளியான ஆண்டு, தயாரிப்பாளர், துணுக்கு தொடங்கும் நேரம், முடியும் நேரம், எந்த வட்டு அல்லது கோப்பிலிருந்து எடுத்தது, அதன் அளவு, திரையில் தெரியும் முகங்கள், பின்னணியில் ஓடும் இசை, உரிமையாளர் யார், கடிதம் அனுப்பிய தேதி, வந்த பதில். இவ்வளவும் வேண்டும்.

நேரத்தை மணி, நிமிடம், நொடி, ஃபிரேம் என்று நான்கு பகுதியாகக் குறியுங்கள்: 01:12:40:08. "பாட்டுக்கு அப்புறம் வரும் ஜன்னல் காட்சி" என்று எழுதி வைத்தால் ஆறு மாதம் கழித்து உங்களுக்கே புரியாது. எந்தப் பதிப்பு என்பதையும் சேர்த்தே எழுதுங்கள். நொடிக்கு 24 ஃபிரேமில் எடுத்த படத்தை பிஏஎல் (இந்தியாவிலும் ஐரோப்பாவிலும் பழகிய தொலைக்காட்சி முறை) டிவிடியில் பெரும்பாலும் 25 ஃபிரேமாக ஓட்டியிருப்பார்கள். அதனால் 150 நிமிடப் படம் 144 நிமிடத்தில் முடிந்துவிடும். டிவிடியைப் பார்த்து நீங்கள் குறித்த நேரம், உரிமையாளரிடம் உள்ள பிரதியில் வேறு ஏதோ ஒரு காட்சியைக் காட்டும்.

பழைய இந்தியப் படம் என்றால் தொடக்கத்தில் ஓடும் தணிக்கைச் சான்றிதழை அப்படியே ஒரு படமாகச் சேமித்துக்கொள்ளுங்கள். சான்றிதழ் தேதி, விண்ணப்பித்தவர், தயாரிப்பாளர், படத்தின் நீளம் எல்லாம் அதில் இருக்கும். உரிமையாளரைத் தேடத் தொடங்க அதைவிட நல்ல இடம் இல்லை.

படி 2. எந்தப் படத்தில் கை வைக்கலாம் என்று முடிவு செய்தல்

அவசரப்படாமல் படிக்க வேண்டிய பகுதி இது. பெரும்பாலான கண்காட்சிகள் சிக்குவது இங்கேதான்.

முதலில் உரிமைக் காலம். இந்தியாவில் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, ஒரு திரைப்படத்துக்கு அது வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டுகள் பாதுகாப்பு உண்டு. 1962இல் வெளியான படத்துக்கு அது 2022 டிசம்பர் 31இல் முடிந்துவிட்டது. ஐரோப்பிய ஒன்றியத்தில் கணக்கே வேறு. முதன்மை இயக்குநர், திரைக்கதை எழுதியவர், வசனம் எழுதியவர், அந்தப் படத்துக்கென்றே இசையமைத்தவர் என்ற நால்வரில் கடைசியாக இறப்பவரின் மறைவுக்குப் பிறகு 70 ஆண்டுகள். அமெரிக்காவில் பழைய படங்களுக்குப் பொதுவாக வெளியீட்டிலிருந்து 95 ஆண்டுகள். ஆகவே இந்தியாவில் காலம் முடிந்த அதே 1962ஆம் ஆண்டுப் படத்துக்கு அமெரிக்காவில் 2057 இறுதி வரை உரிமை இருக்கலாம். உள்ளூர் சுவரில் மாட்டுவது ஒன்று, இணையம் வழியாக வெளிநாட்டுக்கு அச்சு விற்பது இன்னொன்று. இரண்டுக்கும் தனித்தனியாகக் கணக்குப் போடுங்கள்.

படத்தின் காலம் முடிந்தால் பாட்டும் சேர்ந்து முடிந்தது என்று நினைக்காதீர்கள். இந்தியாவில் பாடல் வரிக்கும் மெட்டுக்கும், எழுதியவர் அல்லது இசையமைத்தவர் இறந்து 60 ஆண்டுகள் வரை உரிமை நீடிக்கும். கவிஞர் 1980இல் இறந்திருந்தால் வரிகள் 2040 முடியும் வரை பாதுகாப்பில் இருக்கும். ஒலிப்பதிவின் உரிமை வேறொரு ஆடியோ நிறுவனத்திடம் போயிருக்கலாம். முதல் கண்காட்சி என்றால் ஒலியை விட்டுவிடுவது நல்லது என்பது என் கருத்து. பாதி அலைச்சல் அதிலேயே குறையும். மௌனப் படம் எடுத்தாலும் கவனம் தேவை. இப்போது கிடைக்கும் பிரதியில் ஓடும் இசை சமீபத்தில் சேர்க்கப்பட்டதாக இருக்கலாம், அப்படியென்றால் அதற்கு உரிமை உயிரோடு இருக்கும்.

படப்பிடிப்பில் ஸ்டில் கேமராவில் எடுத்த புகைப்படமும் படத்தின் ஃபிரேமும் பார்க்க ஒன்றுபோல இருந்தாலும் உரிமையில் ஒன்றல்ல. ஸ்டில் என்பது தனிப் புகைப்படம், அதன் உரிமைக்குத் தனிக் காலம், ஒருவேளை தனி உரிமையாளர். வரைந்த போஸ்டரும் அப்படித்தான். இணையத்தில் தேடி எடுத்த படம் இவற்றில் எது என்று தெரியாவிட்டால் அதைப் பயன்படுத்தாதீர்கள்.

அடுத்து, நான் திரும்பத் திரும்பக் கேட்ட மூன்று சமாதானங்கள்.

"பத்து நொடிதானே." இத்தனை நொடி வரை இலவசம் என்று இந்தியச் சட்டம் சொல்லவில்லை.

"விற்கப் போவதில்லையே." விற்காததும் கணக்கில் வரும், ஆனால் அது மட்டும் உங்களைக் காப்பாற்றாது. பொதுமக்களுக்குக் காட்டுவதே ஒரு பயன்பாடுதான். இந்தியச் சட்டத்தின் 52ஆம் பிரிவு நியாயமான பயன்பாடாக ஏற்பது சொந்த உபயோகம் மற்றும் ஆய்வு, விமர்சனம் அல்லது மதிப்புரை, நடப்புச் செய்தி போன்ற குறிப்பிட்ட நோக்கங்களை. உங்கள் படைப்பு அந்தப் படத்தைப் பற்றிய விமர்சனம் என்று வாதிட முடியும் என்றால், அந்த வாதத்தைக் கண்காட்சிக்கு முன்பே ஒரு பக்கத்தில் எழுதி வையுங்கள்.

"அடையாளமே தெரியாமல் மாற்றிவிட்டேனே." உண்மையிலேயே அடையாளம் தெரியாவிட்டால் உங்கள் நிலை வலுவானதுதான். ஒரு முழுப் படத்தின் ஒவ்வொரு ஃபிரேமையும் ஒரே ஒரு நிறமாகச் சுருக்கிக் கோடுகளாக அடுக்கினால் அதில் காட்சி எதுவும் மிஞ்சாது. நாயகியின் முகத்துக்கு மேல் நிறம் ஏற்றுவது வேறு விஷயம். 2023இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஆண்டி வார்ஹோல் அறக்கட்டளை வழக்கில் ஒரு பாடகரின் புகைப்படத்தை எடுத்து உருவாக்கிய படத்தைப் பற்றித் தீர்ப்பளித்தது. புதிய பாணி ஏற்றிவிட்டோம் என்பது மட்டும் போதாது, பயன்பாட்டின் நோக்கமும் மாறியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்பது அதன் சாரம்.

நடிகர் முகத்துக்குத் தனியாக ஒரு எச்சரிக்கை. படத்தின் உரிமை தயாரிப்பாளரிடம் இருந்தாலும் முகம் நடிகருடையது. 2015இல் ரஜினிகாந்த் தொடர்ந்த வழக்கில் சென்னை உயர் நீதிமன்றமும், 2023இல் அனில் கபூர் வழக்கில் டெல்லி உயர் நீதிமன்றமும் பெயரையும் உருவத்தையும் அனுமதியின்றிப் பயன்படுத்தத் தடை விதித்தன. கலைக்கும் விளம்பரத்துக்கும் இடையே வேறுபாடு உண்டு. எனவே முகம் தெரியும் படைப்பை அழைப்பிதழிலும் பேனரிலும் போடாமல் கண்காட்சிக்குள் மட்டும் வைப்பது பாதுகாப்பு.

கோப்பை எடுக்கும் வழியிலும் ஒரு பொறி இருக்கிறது. டிவிடி, புளூரே, ஓடிடி மூன்றிலும் பெரும்பாலும் நகலெடுப்பைத் தடுக்கும் பூட்டு இருக்கும். உரிமையை மீறும் நோக்கத்தோடு அதை உடைத்தால் இந்தியச் சட்டத்தின் 65ஏ பிரிவில் இரண்டு ஆண்டு வரை சிறைத் தண்டனைக்கு இடமிருக்கிறது. அமெரிக்காவில் பூட்டை உடைப்பதே தனிக் குற்றச்சாட்டு, சில விலக்குகள் மட்டும் உண்டு. அனுமதிக் கடிதத்தில் நல்ல பிரதி ஒன்றையும் சேர்த்துக் கேட்க இதுவே சரியான காரணம்.

செயற்கை நுண்ணறிவுக் கருவி பயன்படுத்தினால் கருவியின் பெயர், பதிப்பு, உள்ளே கொடுத்த படம், நீங்கள் கையால் செய்த மாற்றம் நான்கையும் பதிவில் சேருங்கள். மனிதர் கை படாத வெளியீட்டுக்கு அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகம் பதிவு தருவதில்லை. உங்கள் பங்கு எவ்வளவு என்று கேலரியும் கேட்கும், வாங்குபவரும் கேட்பார்.

விற்பனை நோக்கம் இருந்தால், இந்தப் பதிவோடு பதிப்புரிமை தெரிந்த ஒரு வழக்கறிஞரை ஒருமுறை பாருங்கள். பதிவு ஒழுங்காக இருந்தால் ஒரே அமர்வில் முடியும், கட்டணமும் அதற்கேற்பக் குறையும்.

படி 3. அனுமதிக் கடிதம்

திறப்பு நாளுக்கு ஆறு மாதம் முன்பாவது கடிதம் போய்ச் சேர வேண்டும். பதில் வராமல் இருப்பதுதான் வழக்கம். மூன்று வாரத்துக்கு ஒருமுறை மரியாதையாக நினைவூட்டுங்கள். பதில் வராததைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ள எந்தச் சட்டத்திலும் இடமில்லை.

"உங்கள் படத்தைக் கலைக்குப் பயன்படுத்த விரும்புகிறேன்" என்று பொதுவாக எழுதினால் அந்தக் கடிதம் மேசையிலேயே கிடக்கும். யாருக்கும் முடிவெடுக்கத் தெரியாது. இப்படி எழுதுங்கள்:

"உங்கள் படத்தின் 01:12:40:08 முதல் 01:12:52:08 வரையிலான காட்சியை, ஒலி இல்லாமல், 288 ஃபிரேம்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி ஒரே அச்சுப் படமாக ஆக்கியிருக்கிறேன். மாதிரி இணைப்பில் உள்ளது. இதை இந்தத் தேதிகளில் இந்த கேலரியில் காட்டவும், 5 பிரதிகள் மட்டும் அச்சிட்டு விற்கவும், கையேட்டிலும் கண்காட்சி அறிவிப்பிலும் சிறிய அளவில் வெளியிடவும் அனுமதி கோருகிறேன். நன்றிக் குறிப்பு எந்த வாசகத்தில் வர வேண்டும் என்று தெரிவிக்கவும்."

காட்டுதல், விற்றல், விளம்பரப்படுத்துதல் மூன்றையும் தனித்தனியாகக் கேட்டிருப்பதைக் கவனியுங்கள். காட்ட மட்டும் அனுமதி வாங்கிவிட்டு அச்சை விற்க முடியாது. வரும் பதிலில் எந்தெந்த நாடுகள், எத்தனை ஆண்டுகள், கட்டணம் எவ்வளவு என்பது இருக்க வேண்டும். "இந்த உரிமை எங்களிடம் இருக்கிறது" என்று அவர்களே சொல்லும் ஒரு வரியும் இருக்க வேண்டும். இந்தக் கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். நெகட்டிவ் உரிமை (மூலப் படச்சுருள் மீதான உரிமை) ஒருவரிடம், தொலைக்காட்சி உரிமை இன்னொருவரிடம், இணைய உரிமை வேறொருவரிடம் என்று பிரிந்து கிடக்கும் படங்கள் ஏராளம். தொலைக்காட்சி உரிமை மட்டும் வைத்திருப்பவர் நல்ல மனதோடு தரும் அனுமதியால் உங்களுக்குப் பயனில்லை.

தொலைபேசியில் "செய்யுங்க தம்பி, நல்லா இருக்கு" என்று சொன்னால் மகிழ்ச்சிதான். அன்றைக்கே அதை மின்னஞ்சலில் எழுதி அனுப்பி, "சரி" என்று ஒரு பதில் வாங்கிவிடுங்கள்.

படி 4. அச்சுக்குத் தாங்கும் கோப்பு

திரையில் அழகாகத் தெரிவது சுவரில் சிதறும். கணக்கு இதுதான்: முழு ஹெச்டி ஃபிரேம் என்பது 1920 × 1080 புள்ளிகள். அங்குலத்துக்கு 300 புள்ளி வைத்து அச்சிட்டால் வெறும் 6.4 × 3.6 அங்குலம், கிட்டத்தட்ட ஒரு தபால் அட்டை அளவு. 150 புள்ளிக்கு இறங்கினால் 12.8 × 7.2. 4கே கோப்பு இருந்தால் அதே 150இல் 25.6 × 14.4 அங்குலம் கிடைக்கும். ஒற்றை ஃபிரேமைப் பெரிதாக்குவதைவிட நூற்றுக்கணக்கான ஃபிரேம்களைச் சிறிதாக அடுக்கிப் பெரிய படமாக்குவது அச்சில் நன்றாக நிற்பதற்கு இதுதான் காரணம். பழைய டிவிடியிலிருந்து நான்கடி அகலத்துக்கு ஒரு முகத்தை இழுக்கத் திட்டமிட்டிருந்தால் இப்போதே மாற்றிக்கொள்ளுங்கள். அல்லது அந்தச் சிதறலையே படைப்பின் பொருளாக்குங்கள்.

சேமிப்பிடத்தையும் முன்பே கணக்கிடுங்கள். 150 நிமிடப் படத்தில் 2,16,000 ஃபிரேம்கள் இருக்கும். சுருக்காத ஹெச்டி ஃபிரேம் ஒன்று சுமார் 6 எம்பி. முழுப் படத்தையும் பிரித்தால் 1.3 டிபியைத் தாண்டும், ஒரே ஒரு படத்துக்கு. மூலக் கோப்பு, இறுதிக் கோப்பு இரண்டையும் வெவ்வேறு இடத்தில் இரண்டு வட்டுகளில் வையுங்கள்.

டிவிடியிலிருந்து எடுத்த ஃபிரேமில் அசையும் கையின் ஓரத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். சீப்புப் பற்கள் போலக் கிடைக்கோடுகள் தெரிந்தால் அது இன்டர்லேஸ் பிரச்சினை, அதாவது படத்தின் ஒற்றை வரிகளும் இரட்டை வரிகளும் தனித்தனியாகப் பதிவானதால் வருவது. ஃபிரேம்களைப் பிரிக்கும் முன் மென்பொருளில் அந்த வரிகளைச் சரிசெய்ய (டீஇன்டர்லேஸ்) வேண்டும், பிரித்த பிறகு சரிசெய்வது பெரும்பாடு. அதேபோல் அகலத்திரைப் படங்களின் மேலும் கீழும் வரும் கறுப்புப் பட்டைகளை வெட்டிவிட்டுத்தான் எந்தக் கணக்கீட்டையும் தொடங்க வேண்டும். பட்டையோடு சேர்த்துச் சராசரி நிறம் எடுத்தால் எல்லா நிறமும் இருண்டுபோகும். டிவிடியின் புள்ளிகள் சதுரமாக இருக்காது என்பதையும் மறக்காதீர்கள். 720 × 576ஐ அப்படியே அச்சிட்டால் முகங்கள் ஒடுங்கியோ நீண்டோ வரும்.

படி 5. கேலரியைத் தேர்ந்து விண்ணப்பித்தல்

வாடகைக்குச் சுவர் தரும் கேலரி, கலைஞரைத் தேர்ந்தெடுத்துக் கமிஷனில் விற்கும் கேலரி, விற்பனையே நோக்கமில்லாத நிறுவனம் அல்லது அருங்காட்சியகம் என்று மூன்று வகை உண்டு. முதலாவதில் தேதி சீக்கிரம் கிடைக்கும், ஆனால் அத்தனை செலவும் உங்கள் தலையில். மற்ற இரண்டிலும் ஓராண்டு அல்லது அதற்கும் மேல் முன்கூட்டியே அட்டவணை நிரம்பிவிடும்.

விண்ணப்பத்துக்கு 10 முதல் 15 படங்கள் கொண்ட ஒரு பிடிஎஃப், ஒரு பக்கக் கலைஞர் குறிப்பு, வாழ்க்கைக் குறிப்பு, வீடியோவுக்குக் கடவுச்சொல் போட்ட இணைப்பு போதும். பிடிஎஃப் 10 எம்பிக்குள் இருக்கட்டும். கூடவே மூலப் பதிவின் ஒரு பக்கச் சுருக்கத்தையும் வையுங்கள்: இத்தனை படைப்பு, இத்தனைக்கு அனுமதி வந்துவிட்டது, இத்தனை உரிமைக் காலம் முடிந்த படங்களிலிருந்து. பொறுப்பாளர்களின் பார்வையை இந்த ஒரு பக்கம் மாற்றுவதை நேரில் பார்த்திருக்கிறேன். சினிமாவிலிருந்து எடுத்த கலை என்றதும் அவர்கள் மனதில் எழும் முதல் பயத்துக்கு அதுதான் பதில்.

கலைஞர் குறிப்பில் அந்தப் படங்கள் மீதான உங்கள் அன்பை மட்டும் எழுதாதீர்கள். என்ன செய்தீர்கள், ஏன் செய்தீர்கள், அதனால் அந்தக் காட்சியில் முன்பு தெரியாத எது தெரிகிறது என்று எழுதுங்கள்.

வீடியோ இருந்தால் ஓடும் நேரத்தையும் கேலரி திறந்திருக்கும் நேரத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள். கலைஞர் கிறிஸ்டியன் மார்க்லே 2010இல் ஆயிரக்கணக்கான படத்துணுக்குகளைக் கோத்துச் செய்த 24 மணி நேரப் படைப்பு உள்ளூர்க் கடிகாரத்தோடு ஒத்து ஓடுவது. இரவுக் காட்சிகளை மக்கள் பார்க்க வேண்டும் என்பதற்காகவே அருங்காட்சியகங்கள் சில நாட்கள் விடிய விடியத் திறந்து வைத்திருக்கின்றன. உங்களுக்கு அந்த வசதி கிடைக்காது. வருபவர் நிற்கப்போவது சில நிமிடம்தான், லூப்பை (முடிந்ததும் மீண்டும் தொடங்கும் சுற்றை) அதற்கேற்ப அமையுங்கள். இந்தியாவில் பொதுத் திரையிடலுக்கு 1952ஆம் ஆண்டுத் திரைப்படச் சட்டப்படி சான்றிதழ் வேண்டும் என்பதால், வீடியோ வைக்கும்போது இது எப்படிப் பொருந்தும் என்று கேலரியிடம் முதல் சந்திப்பிலேயே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

படி 6. ஒப்பந்தம்

பல வணிக கேலரிகள் விற்பனையில் 40 முதல் 50 சதவீதம் கமிஷன் எடுக்கும். அதில் தவறில்லை. ஆனால் மற்ற செலவுகளை யார் ஏற்கிறார்கள் என்று எழுத்தில் இல்லாவிட்டால் கணக்கு கவிழ்ந்துவிடும். ஒரு அச்சின் விலை 100 என்று வைத்துக்கொள்வோம். கேலரிக்கு 50. அச்சும் மரச்சட்டமும் 30. மிச்சம் 20இல் உரிமையாளருக்குத் தர வேண்டிய பங்கு, போக்குவரத்து, வரி. வாங்குபவர் 10 சதவீதம் தள்ளுபடி கேட்டு, அது முழுவதும் உங்கள் பங்கிலிருந்து போனால் கையில் நிற்பது 10. தள்ளுபடியை இருவரும் சமமாக ஏற்பது என்று எழுதச் சொல்லுங்கள்.

கட்டாயம் கேட்க வேண்டியவை: விற்ற பணம் எத்தனை நாளில் வரும், விற்காததை யார் எப்போது திருப்பி அனுப்புவார்கள், கண்காட்சி முடிந்த பின் எத்தனை மாதம் வரை கமிஷன் கேட்பார்கள், படைப்பு சேதமானால் ஈடு எந்த விலையில் கணக்கிடப்படும். காப்பீடு உங்கள் வீட்டுச் சுவரிலிருந்து இறங்கி மீண்டும் வீடு வந்து சேரும் வரை இருக்க வேண்டும். கேலரி வாசலுக்குள் மட்டும் செல்லும் காப்பீட்டில் சேதம் அதிகம் நடக்கும் போக்குவரத்து விடுபட்டுவிடும். ஒப்படைக்கும்போது ஒவ்வொரு படைப்பின் நான்கு மூலைகளையும் புகைப்படம் எடுத்து, தேதியிட்டு, இரு தரப்பும் கையெழுத்திடுங்கள்.

இன்னொரு வாசகத்தைத் தேடிப் பாருங்கள்: "உரிமை தொடர்பான எல்லா வழக்கு, இழப்புக்கும் கலைஞரே பொறுப்பு." ஏறக்குறைய எல்லா ஒப்பந்தத்திலும் ஏதோ ஒரு வடிவில் இது இருக்கும். உங்கள் மூலப்பொருளே சினிமா என்பதால் உங்களுக்கு இது வெறும் சடங்கு வாசகம் இல்லை. அனுமதி உறுதியாகாத படைப்பைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டுக் கையெழுத்திடுங்கள்.

படி 7. செலவுப் பட்டியல்

பெரும்பாலோர் அச்சுக்குப் பணம் ஒதுக்குவார்கள், மரச்சட்டத்துக்கு ஒதுக்க மாட்டார்கள். நல்ல கண்ணாடியோடு சட்டம் போடும் செலவு அச்சைவிடக் கூடுதலாக வருவது சாதாரணம். அச்சகத்தில் சதுர அடிக் கணக்கு, சட்டம் போடுபவரிடம் ஓட்ட அடிக் கணக்கு (மரத்தின் நீளத்துக்கு மட்டும்). அளவைக் கொஞ்சம் குறைத்தால் இரண்டும் குறையும். எல்லாப் படைப்பையும் இரண்டே அளவுகளில் வைத்தால் கண்ணாடியும் அட்டையும் வீணாகாது, அடுத்த கண்காட்சிக்கும் அதே சட்டங்கள் பயன்படும்.

உரிமைக் கட்டணம், வழக்கறிஞர், வட்டுகள், சோதனை அச்சு, திரை அல்லது புரொஜெக்டர் வாடகை, மின்கம்பி வேலை, போக்குவரத்து, காப்பீடு, விவரச் சீட்டுகள், திறப்பு மாலை, புகைப்படக்காரர் என்று எல்லாவற்றையும் எழுதி, மொத்தத்தின் மேல் 15 சதவீதம் தனியாக வையுங்கள். வெளிநாட்டுக்குத் தற்காலிகமாக அனுப்பித் திருப்பிக் கொண்டுவர ஏடிஏ கார்னே என்ற சுங்க ஆவணம் உண்டு. ஓராண்டு செல்லும். அங்கேயே விற்கப்போகும் அச்சுகளுக்கு அது பொருந்தாது.

படி 8. அச்சு

திறப்புக்கு எட்டு வாரம் முன்பு சோதனை அச்சு. முழுப் படத்தையும் அச்சிட வேண்டாம். மிக இருண்ட பகுதி, மிக வெளிச்சமான பகுதி, தோல் நிறம் உள்ள பகுதி மூன்றிலிருந்தும் ஒரு பட்டை வெட்டி, உண்மையான அளவில், உண்மையான காகிதத்தில் அச்சிடுங்கள். சினிமாக் காட்சிகளில் இருட்டு அதிகம். திரையில் தெரிந்த நிழல் விவரம் மேட் (பளபளப்பில்லாத) காகிதத்தில் ஒரே கறுப்புத் திட்டாக மாறிவிடும். அச்சகத்திடம் காகிதத்தின் ஐசிசி ப்ரொஃபைலை (அந்தக் காகிதத்தில் நிறம் எப்படி வரும் என்று சொல்லும் கோப்பு) வாங்கி உங்கள் மென்பொருளில் முன்கூட்டியே பார்த்தால் பாதிப் பிரச்சினை அங்கேயே தெரியும். பட்டையைக் கடைக் குழல்விளக்கில் பார்த்து முடிவு செய்யாதீர்கள், கேலரி விளக்கின் கீழ் பாருங்கள்.

பிக்மென்ட் மையும் (எளிதில் மங்காத நிறமித் துகள் மை) அமிலமற்ற பருத்திக் காகிதமும் கேளுங்கள். வாங்குபவர் முதலில் கேட்பது எத்தனை ஆண்டு நிற்கும் என்றுதான். எடிஷன் எண்ணிக்கையை, அதாவது மொத்தம் எத்தனை பிரதி என்பதை, அச்சிடும் முன்பே முடிவு செய்து 1/5, 2/5 என்று பென்சிலில் எழுதிக் கையெழுத்திடுங்கள். அந்த எண் அனுமதிக் கடிதத்தில் உள்ள எண்ணைத் தாண்டக் கூடாது, உங்களுக்கென்று வைத்துக்கொள்ளும் கலைஞர் பிரதியையும் சேர்த்துத்தான்.

படி 9. திரையும் புரொஜெக்டரும்

வீட்டு டிவியைக் கொண்டுபோய் மாட்டாதீர்கள். சில மணி நேரத்தில் தானே அணையும், மென்பொருள் புதுப்பிப்பு கேட்டு நடுவில் ஒரு பெட்டி எழும். ஓஎல்இடி திரையில் அசையாத படம் நாள்கணக்கில் நின்றால் தழும்பு விழும். நீண்ட நேரம் ஓடுவதற்கென்று செய்த விளம்பரத் திரைகள் வாடகைக்குக் கிடைக்கும்.

புரொஜெக்டருக்கு எறிவு விகிதம் (தூரத்தைப் படத்தின் அகலத்தால் வகுத்தது) பாருங்கள். விகிதம் 1.5 என்றால் மூன்று மீட்டர் அகலப் படத்துக்கு 4.5 மீட்டர் தூரம் வேண்டும். அந்தத் தூரத்தில் மக்கள் நடந்தால் நிழல் விழும். அறை அளவை நீங்களே டேப் வைத்து எடுங்கள், கேலரி அனுப்பும் வரைபடத்தில் தூண்கள் சில சமயம் இருக்காது.

யூஎஸ்பியில் போடும்போது ஃபேட்32 என்ற சேமிப்பு முறையில் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒற்றைக் கோப்பு ஏறாது. எக்ஸ்ஃபேட் முறைக்கு மாற்றுங்கள், பிளேயர் அதைப் படிக்கிறதா என்று முன்பே சோதியுங்கள். லூப் முடிந்து தொடங்கும் இடத்தில் ஒரு கணம் கறுப்பு மின்னுகிறதா என்று கவனியுங்கள். பல பிளேயர்களில் மின்னும். அதைத் தவிர்க்க முடியாவிட்டால் படைப்பையே கறுப்பில் தொடங்கிக் கறுப்பில் முடித்துவிடுங்கள். மின்சாரம் போய் வந்தால் யாரும் தொடாமலே ஓட வேண்டும். பிளக்கைப் பிடுங்கி, மறுபடி செருகி, பார்த்து உறுதி செய்யுங்கள். காலையில் திறக்கும் ஊழியருக்கு ரிமோட்டில் எந்தப் பொத்தானும் தெரியாது என்றே வைத்துத் திட்டமிடுங்கள்.

படி 10. சுவரில் ஏற்றுதல்

இரண்டு முழு நாள் கேளுங்கள். படத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து சுமார் 145 முதல் 155 செ.மீ. உயரத்தில் இருந்தால் பெரும்பாலோருக்குக் கண் மட்டம். வீடியோ திரையின் வெளிச்சம் எதிர்ச்சுவர் கண்ணாடிச் சட்டத்தில் பிரதிபலிக்கும், ஆகவே முதலில் திரையை இயக்கிவிட்டு அப்புறம் அச்சுகளுக்கு இடம் குறியுங்கள். விளக்கு நிறத்தைச் சரியாகக் காட்ட அதன் சிஆர்ஐ (நிறத்தை எவ்வளவு உண்மையாகக் காட்டும் என்ற அளவு) 90க்கு மேல் இருக்கட்டும்.

விவரச் சீட்டில் தலைப்பு, ஆண்டு, ஊடகம், அளவு, எடிஷன். அதற்குக் கீழே உரிமையாளர் கேட்ட நன்றி வாசகம், அவர்கள் எழுதியபடியே, ஒரு எழுத்துகூட மாறாமல். வெறும் "டிஜிட்டல் பிரின்ட்" என்று போடாதீர்கள். "288 திரைப்பட ஃபிரேம்களின் அடுக்கு, பருத்திக் காகிதத்தில் பிக்மென்ட் அச்சு" என்று போட்டால் பார்ப்பவர் இன்னொரு முறை படத்தைத் திரும்பிப் பார்ப்பார்.

படி 11. திறந்த பிறகு

அனுமதிக் கடிதங்கள், மூலப் பதிவு, ஒப்பந்தம் மூன்றின் நகலையும் ஒரு கோப்பில் போட்டு வரவேற்பு மேசையில் வையுங்கள். யாராவது ஆட்சேபித்தால் ஊழியர் வாக்குவாதம் செய்யாமல் பெயரையும் தொலைபேசி எண்ணையும் வாங்கி உங்களிடம் தர வேண்டும் என்று சொல்லி வையுங்கள். உரிமையாளர்களுக்கும் அவர்கள் குடும்பத்துக்கும் அழைப்பு அனுப்புங்கள். வந்து பார்த்தவர்கள் அடுத்த முறை கடிதத்துக்குச் சீக்கிரம் பதில் தருகிறார்கள்.

முதல் வாரத்திலேயே, கூட்டம் இல்லாத காலையில், சுவர்களைப் புகைப்படம் எடுத்துவிடுங்கள். விற்ற ஒவ்வொரு அச்சோடும் எடிஷன் எண், காகிதம், மை, மூலப் படம், அனுமதி விவரம் கொண்ட சான்றிதழ் கொடுங்கள். கழற்றும் நாளில் ஒப்படைப்புப் புகைப்படங்களைக் கையில் வைத்து மூலை மூலையாக ஒப்பிட்டுப் பார்த்த பிறகே பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்திடுங்கள்.

கடைசியாக, ஒவ்வொரு அனுமதியும் முடியும் தேதியைக் காலண்டரில் ஏற்றி, அதற்கு மூன்று மாதம் முன்பே நினைவூட்டல் வையுங்கள். 5 பிரதிகளில் 2 மட்டும் அச்சிட்டிருந்தால் மீதி மூன்றை அந்தத் தேதிக்குள் அச்சிட வேண்டும், அல்லது புதுப்பிப்புக் கடிதம் அனுப்ப வேண்டும். பழைய கடிதத்தின் நகலையும் கண்காட்சிச் சுவரின் புகைப்படத்தையும் அதோடு இணையுங்கள்.